ட்ரின் திரும்பி வந்த ஊர்

1858 முடிந்து 1859 பிறந்த குளிர்காலத்தில், வட அல்பேனியாவின் பெரிய நதியான ட்ரின் தன் படுகையை விட்டு விலகியது. அதுவரை அந்நதி மலையிடுக்குகளைத் தாண்டி வாவு-இ-தேயஸ் என்ற இடத்தில் சமவெளியில் இறங்கி, தெற்கே திரும்பி, லெஷா ஊருக்கருகில் ஆட்ரியாட்டிக் கடலில் கலந்துகொண்டிருந்தது. அந்தக் குளிர்கால வெள்ளத்தில் நீரின் பெரும்பங்கு மேற்கே உடைத்துக்கொண்டு ஓடி, ஷ்கோட்ரா நகரின் கோட்டைக் குன்றுக்குக் கீழே புனா ஆற்றில் விழுந்தது. குன்றின் அடிவாரத்தில்தான் நகரின் கடைத்தெரு இருந்தது. அதன்பின் குளிர்காலந்தோறும் கடைத்தெருவுக்குள் தண்ணீர் வரத் தொடங்கியது. ஷ்கோட்ராவைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் இந்த நிகழ்ச்சியை, இரண்டாயிரம் ஆண்டு ஒழுங்காக இருந்த ஓர் ஊரின் இயற்கை அமைப்பு ஒரே இரவில் குலைந்த கதையாகச் சொல்வது வழக்கம். அந்தக் கதையை நான் ஏற்கவில்லை. 1858-59இல் ட்ரின் வழி தவறவில்லை, தனக்குப் பழகிய ஒரு வழிக்கே திரும்பியது என்பதற்கு எழுத்திலும் நிலத்திலும் சான்று இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டால் இந்தப் பழம்பெரும் ஊரின் வரலாற்றையே வேறு விதமாகப் படிக்க வேண்டியிருக்கும்.

முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே நிலம்தான் முதல் சாட்சி. அல்பேனியாவும் மாண்டினீக்ரோவும் பகிர்ந்துகொள்ளும் ஷ்கோட்ரா ஏரி பால்கன் தீபகற்பத்திலேயே மிகப் பெரியது. ஆனால் அதன் அளவை ஒரே எண்ணில் சொல்ல முடியாது. கோடையில் சுமார் 370 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும், குளிர்கால மழையில் 500ஐத் தாண்டிப் பரந்து வயல்களையும் வில்லோ மரக்காடுகளையும் மூழ்கடிக்கும். சராசரி ஆழம் சில மீட்டர்தான். வடக்கே மொராச்சா நதி அதை நிரப்புகிறது, தென்கிழக்கு முனையில் புனா அதை வடிக்கிறது. கோடையில் ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட ஐந்தாறு மீட்டர் அளவே உயர்ந்திருக்கும். புனாவோ நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து போய்க் கடலைச் சேர்கிறது. இவ்வளவு மெல்லிய சரிவுள்ள ஆற்றின் குறுக்கே வேறொரு பெருவெள்ளம் வந்து விழுந்தால், ஆறு வடியாது. ட்ரின் பெருகும் நாட்களில் புனாவின் ஓட்டம் தடைபட்டு, சில வேளைகளில் நீர் ஏரிக்குள்ளேயே எதிரேறிப் போகிறது. ஏரி முனையில், புனாவும் ட்ரினும் கிழக்கிலிருந்து வரும் கிர் ஆறும் நெருங்கும் இடத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 130 மீட்டர் உயரத்துக்கு ஒரு சுண்ணாம்புப் பாறைக் குன்று எழுந்து நிற்கிறது. அதன் மேல் இருப்பது ரொஸாஃபா கோட்டை. வடக்கே அல்பேனிய ஆல்ப்ஸ். ஆட்ரியாட்டிக் ஈரக்காற்று அந்த மலைகளில் மோதுவதால், ஷ்கோட்ராவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது, அதிலும் பெரும்பகுதி குளிர்காலத்தில். மலையில் பெய்யும் மழையும், பின்னர் உருகும் பனியும் இறங்கி வர வேண்டிய வாசல் இந்தச் சமவெளிதான்.

இனி எழுத்துச் சான்று. உரோம வரலாற்றாசிரியர் லிவி, கி.மு. 168இல் நடந்த போரை விவரிக்கும் இடத்தில் ஸ்கோட்ரா (இன்றைய ஷ்கோட்ரா) நகரின் இருப்பிடத்தை விளக்குகிறார். நகரை இரண்டு ஆறுகள் சூழ்ந்திருக்கின்றன என்கிறார். கிழக்குப் பக்கம் கிளௌசல், மேற்கே லாபியாட்டிஸ் ஏரியிலிருந்து (ஷ்கோட்ரா ஏரி) புறப்படும் பார்பன்னா. பார்பன்னா இன்றைய புனா என்பதில் ஐயமில்லை. கிளௌசல் இன்றைய கிர் என்றே கொள்ளப்படுகிறது. அடுத்து அவர் சொல்வதுதான் நமக்கு முக்கியம்: இவ்விரு ஆறுகளும் கூடி, ஸ்கோர்டுஸ் மலையில் பிறந்து பல நீர்களைச் சேர்த்துக்கொண்டு வரும் ஒரியுண்டெஸ் என்ற பெருநதியில் விழுகின்றன, அந்த நதி ஆட்ரியாட்டிக் கடலை அடைகிறது. ஸ்கோர்டுஸ் என்பது இன்றைய ஷார் மலைத்தொடர். அந்தப் பக்கத்து நீரைச் சுமந்துகொண்டு ஷ்கோட்ரா வழியே வரக்கூடிய பெருநதி ட்ரின் ஒன்றே. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினியும் தம் கலைக்களஞ்சிய நூலில் இந்தக் கடற்கரையை வரிசையாகச் சொல்லி வரும்போது, ட்ரினோ ஆற்றைக் குறிப்பிட்டு, அதன் மேல் உரோமக் குடிமக்களின் ஊரான ஸ்கோட்ரா கடலிலிருந்து 18 மைல் தொலைவில் இருப்பதாக எழுதுகிறார். உரோம மைல்கணக்கில் அது இன்றைய 27 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஷ்கோட்ராவுக்கும் கடலுக்கும் உள்ள உண்மையான தொலைவோடு அது ஒத்துப்போகிறது. இரண்டு நூலாசிரியர்களும் வேறு வேறு நோக்கத்தோடு எழுதியவர்கள். இருவருமே ட்ரினை ஷ்கோட்ராவோடு இணைத்துப் பேசுகிறார்கள்.

இதற்கு மறுப்புச் சொல்ல இடமுண்டு. லிவி இந்தப் பக்கம் வந்ததற்குச் சான்றில்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸின் நூலை வைத்து எழுதியவர் அவர், ஆறுகளை இடம் மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்பார்கள். ஆனால் அந்தப் பத்தியில் சரிபார்க்கக்கூடிய மற்ற விவரங்கள் சரியாகவே இருக்கின்றன. மேற்கு ஆறு ஏரியிலிருந்து வருவதும், கிழக்கே இன்னொரு ஆறு இருப்பதும், பெருநதி தொலைவிலுள்ள மலையில் பிறப்பதும் இன்றைய வரைபடத்தோடு பொருந்துகின்றன. இத்தனையும் சரியாக இருக்க, ஆறுகள் கூடும் இடம் மட்டும் கற்பனை என்று தள்ளுவதற்குக் காரணம் வேண்டும். 1858க்கு முன் ட்ரின் அங்கே இல்லை என்ற நினைவைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. பண்டைய லிஸ்ஸுஸ் நகரம், அதாவது இன்றைய லெஷா, ட்ரினின் தென்கிளைக் கரையில் அல்லவா இருக்கிறது, அப்படியானால் நதி அந்தக் காலத்திலும் தெற்கேதானே ஓடியிருக்க வேண்டும்? இதற்கு விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. நதிக்கு ஒரே கிளைதான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1858க்குப் பிறகும் லெஷாவின் பழைய கிளை முழுக்க வற்றிவிடவில்லை. சிறுத்துப்போனாலும் இன்றும் அங்கே நீர் ஓடுகிறது. இரு கிளைகளாகப் பிரிந்து, ஒரு காலத்தில் ஒன்றும் மறுகாலத்தில் மற்றொன்றும் பருத்து ஓடியிருக்கிறது என்று கொண்டால் லிவி, பிளினி, லிஸ்ஸுஸ் மூன்றும் ஒன்றோடொன்று முரண்படாமல் நிற்கின்றன.

நிலமும் இதையே சொல்கிறது. ஷ்கோட்ராவுக்கும் லெஷாவுக்கும் இடையே விரிந்து கிடக்கும் சமவெளி ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் ஆனது. ஒரே தடத்தில் ஓடும் ஆறு இவ்வளவு அகலமான சமவெளியை உருவாக்கியிருக்க முடியாது. மலைவாயிலில் வேகம் குறையும் இடத்தில் கல்லும் மணலும் படிந்து படுகை உயர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் பக்கத்து நிலத்தைவிடப் படுகை மேடாகிவிட்டால், அடுத்த பெருவெள்ளம் சரிவான புதுவழியைத் தேடிக்கொள்ளும். மலைக்காடுகள் வெட்டப்பட்டதால் வண்டல் கூடியது, ஆகவே இது மனிதர் செய்த வினை என்று சிலர் வாதிடக்கூடும். காடழிப்பு அந்த நாளை விரைவுபடுத்தியிருக்கலாம். ஆனால் காடு அடர்ந்திருந்த காலத்திலேயே அந்தச் சமவெளி உருவாகிவிட்டது என்பதை அந்த வாதம் கணக்கில் எடுப்பதில்லை.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் ஊரின் பழைய கதைகளுக்கு வேறு ஒளி கிடைக்கிறது. ஷ்கோட்ராவை இல்லிரியப் பழங்குடியான லாபியாட்டுகளின் தலைநகரம் என்று சொல்லும்போது, மலைக்கோட்டை ஒன்றே நம் கண்ணில் படுகிறது. ஆனால் அந்நகரம் வெளியிட்ட நாணயங்களின் ஒரு பக்கத்தில் இருப்பது கப்பல். லெம்பி எனப்பட்ட, துடுப்பு வலித்து விரைந்து செல்லும் சிறு இல்லிரியப் போர்க்கலத்தின் உருவம் அது. கடலிலிருந்து 27 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர் தன் காசில் கப்பலைப் பொறித்தது ஏன்? புனாவும் ஏரியும் அதற்குக் கடலின் கையாகவே இருந்தன. இல்லிரிய அரசன் கென்டியஸ், மாசிடோனியாவின் பெர்சியஸோடு சேர்ந்து உரோமை எதிர்த்தபோது, கி.மு. 168இல் உரோம அதிகாரி (பிரேட்டர்) லூசியஸ் அனிசியஸ் படையோடு வந்தான். மதிலுக்குள்ளேயே இருந்திருந்தால் ஊரை எளிதில் பிடித்திருக்க முடியாது என்று லிவியே ஒப்புக்கொள்கிறார். கென்டியஸோ வெளியே வந்து சண்டையிட்டுத் தோற்றான். பிறகு மூன்று நாள் அவகாசம் கேட்டு, படகில் ஏறி பார்பன்னா வழியாக ஏரிக்குள் போனான். தன் சகோதரன் கரவாண்டியஸ் படை திரட்டி வருவான் என்ற நம்பிக்கை அவனுக்கு. உதவி வரவில்லை. அதே நீர்வழியில் திரும்பி வந்து சரணடைந்தான். போர் முப்பது நாளில் முடிந்தது. அது தொடங்கிய சேதி உரோமுக்குப் போய்ச் சேருமுன் வெற்றிச் சேதி போய்விட்டதாம். கைப்பற்றப்பட்ட லெம்பிக் கலங்கள் 220. அவற்றை உரோமர்கள் கோர்கிரா, அப்போலோனியா, டிர்ராக்கியம் ஆகிய கிரேக்க நகரங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஊர் அப்படியே இருந்தது, அதன் கப்பற்படை போய்விட்டது.

பிற்காலத்தில் ஷ்கோட்ரா எல்லைக்கல்லாகவும் மாகாணத் தலைநகராகவும் பெயர் பெற்றது. கி.மு. 40இல் ஆக்டேவியனும் ஆண்டனியும் உரோம உலகைப் பங்கிட்டபோது கோடு இந்த ஊரில் விழுந்தது. பிரெவலிடானா என்ற மாகாணத்துக்குத் தலைநகராக இருந்தது. ஸீட்டா நாட்டு அரசர்கள் ஆண்டார்கள், 1396இல் வெனிஸ் குடியரசு கைக்கொண்டது. இவற்றை வரிசையாக விரிப்பதைவிட, 1474இலும் 1478-79இலும் ஒட்டோமான்கள் இட்ட இரண்டு முற்றுகைகளில் நின்று பார்ப்பது பயன்தரும். முதல் முற்றுகையில் அந்தோனியோ லொரெடான் தலைமையில் கோட்டை தாக்குப்பிடித்தது. ஆனால் உள்ளிருந்தவர்களை வாட்டியது பீரங்கியைவிடத் தாகம். ஆறுகளும் ஒரு பேரேரியும் கண்ணுக்குக் கீழே இருக்க, குன்றின் உச்சியில் மழைநீரைச் சேமிக்கும் தொட்டிகள்தான் அவர்களுக்குக் கதி. அந்தத் தொட்டிகளின் வட்ட வாய்களை இன்றும் கோட்டை முற்றத்தில் காணலாம். இரண்டாம் முறை சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நேரிலேயே வந்தார். கோட்டை வாளால் விழவில்லை. 1479 ஜனவரியில் வெனிஸ் செய்துகொண்ட உடன்படிக்கையால் கைமாறியது. ஊர்க்காரர்களில் பலர் வெனிஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான மரின் பார்லெட்டி, தம் சொந்த ஊரின் முற்றுகையை இலத்தீனில் நூலாக எழுதி 1504இல் வெனிஸில் வெளியிட்டார். தம் ஊரை இழந்தவர் அந்த ஊரைப் பற்றி எழுதிய முதல் பெரிய நூல் அது.

கோட்டையைப் பற்றி எல்லோரும் அறிந்த கதை ஒன்று உண்டு. மூன்று சகோதரர்கள் பகலில் கட்டிய மதில் இரவில் இடிந்து விழுந்ததாகவும், இளையவன் மனைவியை உயிரோடு வைத்துக் கட்டிய பிறகே நின்றதாகவும், பால்குடிக்கும் குழந்தைக்காக அவளுடைய ஒரு மார்பு வெளியே விடப்பட்டதாகவும் அது சொல்கிறது. வாயிலருகே சுண்ணாம்பு கரைந்து வெண்மையாகக் கசியும் நீரை அவள் பாலென்று தாய்மார்கள் நம்பினார்கள். இந்தக் கதையில் மண்சரிவின் நினைவு இருக்கிறது என்று சொல்வோரும் உண்டு. அதை நான் சான்றாக எடுக்க மாட்டேன். இதே கதை பால்கனில் பாலங்களுக்கும் மடங்களுக்கும்கூடச் சொல்லப்படுகிறது. ஒரே குன்றின் நிலவியலை அதிலிருந்து பிழிந்தெடுப்பது நேர்மையாகாது.

ஒட்டோமான் காலத்தில் குன்றின் மேல் இருந்த ஊர் கீழே இறங்கியது. அடிவாரத்தில், ஆற்றங்கரையில், கடைத்தெரு வளர்ந்தது. தோல் பதனிடுவோருக்கு ஓடும் நீர் வேண்டும், ஆகவே தபாக் என்ற அவர்களுடைய குடியிருப்பு அங்கேயே அமைந்தது. 1757 முதல் 1831 வரை புஷாத்தி குடும்பத்துப் பாஷாக்கள் ஏறத்தாழத் தனியரசாகவே ஆண்ட காலம் ஊரின் செழிப்பான காலம். பிரிஸ்ரென் வரை போகும் மலைப்பாதையில் பொதிவிலங்குகள் தோலையும் கம்பளியையும் கொண்டுவந்தன. கடலிலிருந்து வரும் கப்பல்கள் புனாவில் ஒபோத் துறைவரை ஏறி வர, அங்கிருந்து சிறு படகுகள் சரக்கைக் கடைத்தெருவுக்குக் கொண்டுசென்றன. மெஹ்மத் பாஷா புஷாத்தி 1773-74இல் கட்டிய மசூதியின் குவிமாடங்களுக்கு ஈயத்தகடு வேய்ந்திருந்ததால் அதற்கு ஈய மசூதி என்றே பெயர். அது அன்று நெருக்கமான குடியிருப்பின் நடுவே நின்றது. இன்று அதைச் சுற்றி வீடுகள் நெருக்கமாக இல்லை, புல்தரைதான். மழைக்காலத்தில் அந்தப் புல்தரை ஏரியாகி, முற்றத்துத் தூண்களின் அடியில் நீர் நிற்கும்.

1858-59க்குப் பிறகு தபாக்கின் மக்கள் மெல்ல மெல்ல வடகிழக்கே மேட்டுநிலத்துக்கு நகர்ந்தார்கள். கடைத்தெரு மட்டும் பல பத்தாண்டுகள் பழைய இடத்திலேயே இருந்தது. வணிகர்கள் காலையில் இறங்கி வந்து கடை திறந்து, மாலையில் பூட்டிவிட்டு மேலூருக்குத் திரும்பினார்கள். இத்தாலியிலிருந்து வந்து 1850களில் இங்கே ஒளிப்பட நிலையம் வைத்த பியெத்ரோ மருபியும் அவருக்குப் பின் வந்தவர்களும் எடுத்த படங்களில் அந்தக் கடைத்தெரு காணக் கிடைக்கிறது. மரத்தூண்களின் மேல் நீண்டு தாழ்ந்த கூரை, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கிய பலகைத் திண்ணை, அதன்மேல் கால்மடித்து உட்கார்ந்த கடைக்காரர். அந்தக் கடைத்தெரு இருபதாம் நூற்றாண்டில் மறைந்தது.

ஊர் நலிந்ததற்கு ஆற்றைக் குற்றம் சொல்வது தவறு, அரசியலே காரணம் என்பவர்களுக்கு வலுவான ஆதாரங்கள் உண்டு. சலோனிக்காவிலிருந்து கொசோவோவுக்கு 1870களில் போடப்பட்ட ரயில்பாதை பிரிஸ்ரென் பக்கத்து வணிகத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. 1878 பெர்லின் மாநாடு பொட்கோரிட்சாவை மாண்டினீக்ரோவுக்குக் கொடுத்தது, 1880இல் உல்ட்சின் துறைமுகமும் போயிற்று. 1912 அக்டோபர் முதல் 1913 ஏப்ரல்வரை மாண்டினீக்ரோ, செர்பியப் படைகள் ஊரை முற்றுகையிட்டன. தற்காப்பை நடத்திய ஒட்டோமான் தளபதி ஹசன் ரிஸா பாஷா ஜனவரி இறுதியில் கொல்லப்பட்டார், அவர் இடத்துக்கு வந்த எசாத் பாஷா ஏப்ரலில் ஊரை ஒப்படைத்தார், வல்லரசுகளின் நெருக்கடியால் மே மாதம் மாண்டினீக்ரோ வெளியேறியது. எல்லைக்கோடு ஏரியையே இரண்டாக வெட்டி நின்றது. ஷ்கோட்ராவின் வணிகத்தைக் கொன்றது எல்லைக்கோடுதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊர் எங்கே நிற்பது என்பதைத் தீர்மானித்தது எல்லைக்கோடு அல்ல. எல்லைகள் மாறுமுன்பே தபாக்கின் குடும்பங்கள் கிளம்பத் தொடங்கிவிட்டன. சந்தையை அரசர்கள் பிடுங்கலாம், அடிவாரத்தை ஆறு எடுத்துக்கொண்டது.

ட்ரினை இனிக் கட்டிவிட்டோம் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. வாவு-இ-தேயஸ், ஃபியர்ஸா, கோமன் என மூன்று பெரிய அணைகள் 1970களிலும் 80களிலும் எழுந்தன. ஃபியர்ஸா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய குகெஸ் ஊரே மூழ்கி, மேட்டில் புது ஊர் கட்டப்பட்டது. அல்பேனியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இந்த நதியிலிருந்தே கிடைக்கிறது. 1990களுக்குப் பின் ஷ்கோட்ராவைச் சுற்றிய தாழ்நிலங்களில் வீடுகள் பெருகியதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 2010 ஜனவரியிலும் அதே ஆண்டு டிசம்பரிலும் நீர்த்தேக்கங்கள் நிரம்பி மதகுகள் திறக்கப்பட்டபோது, ட்ரின் புனாவின் வாயை அடைக்க, ஏரி ஏற, புனாக்கரைக் கிராமங்களும் ஷ்கோட்ராவின் தாழ்ந்த பகுதிகளும் நீரில் நின்றன. ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அணைகள் இல்லாதிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று பொறியாளர்கள் சொல்லலாம். பல ஆண்டுகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் மின்சாரத்துக்காகத் தேக்கத்தை நிறைத்து வைப்பதும், வெள்ளத்துக்காக அதில் இடம் விட்டு வைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள். மழைக்காலம் தொடங்குமுன் எவ்வளவு இடத்தைக் காலியாக வைப்பது என்ற முடிவு, கீழே யார் வீட்டில் தண்ணீர் வரும் என்ற முடிவும்கூட. இந்த வெள்ளத்தை ஒரு நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் விபத்து என்று கருதினால் மின்சாரக் கணக்கே வெல்லும். ட்ரின் புனாவில் விழுவது பண்டு தொட்டு வந்த வழக்கம் என்று ஏற்றால் தாழ்நிலத்தின் ஒரு பகுதியை ஆற்றுக்கென்றே ஒதுக்க வேண்டியிருக்கும், தபாக் மக்கள் அன்று செய்ததுபோல. ட்ரின் படுகையைப் பகிரும் அல்பேனியா, இன்றைய வட மாசிடோனியா, மாண்டினீக்ரோ, கொசோவோ, கிரேக்கம் ஆகியவை 2011 நவம்பரில் டிரானாவில் ஒரு புரிந்துணர்வு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஓஹ்ரிட் ஏரியிலிருந்து ஷ்கோட்ரா ஏரிவரை ஒரே நீர்க்கோவையாகப் பார்க்க அது வழிசெய்கிறது. மேல்படுகையின் மழையளவும் அணைகளின் நீர்மட்டமும் புனாக்கரைக் கிராமங்களுக்கு நேரத்தோடு போய்ச் சேர்கிறதா என்பதை வைத்துத்தான் அந்த உடன்பாட்டை அளக்க முடியும்.